வானதி சீனிவாசன்: கோவை தெற்குத் தொகுதி வேட்பாளரின் கொள்கை நிலைப்பாடுகள் (2021)

வானதி சீனிவாசன் (பிறப்பு: 6 ஜூன் 1970) வழக்கறிஞர், பாரதிய ஜனதா கட்சியின் அரசியல்வாதி. 2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் கோயம்புத்தூர் தெற்குத் தொகுதியில் அதிமுக கூட்டணியின் பாஜக வேட்பாளராகப் போட்டியிட்டு, மக்கள் நீதி மய்யத் தலைவர் கமல்ஹாசனை 1,728 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். உக்கடம், கோட்டைமேடு, டவுன்ஹால் உள்ளிட்ட பழைய கோவையின் மையப்பகுதியைக் கொண்ட தொகுதி இது. அந்தத் தேர்தலில் அவர் முன்வைத்தவையும் பின்னர் 16ஆவது சட்டமன்றத்தில் அவரும் அவரது கட்சியும் எடுத்தவையுமான கொள்கை நிலைப்பாடுகளை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. சமய அடையாளத்திலும் தேசியப் பாதுகாப்பிலும் தெளிவான வலதுசாரி நிலை, தொழில் விஷயத்தில் மத்திய அரசைச் சார்ந்த வளர்ச்சிப் பேச்சு, நலத்திட்டங்களில் திராவிடக் கட்சிகளோடு போட்டியிடும் போக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தது இந்த நிலைப்பாடுகளின் தொகுப்பு.

பின்னணி

கோவையை அடுத்த தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் உள்ள உலியம்பாளையம் வானதியின் சொந்த ஊர். கோவை பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரியில் வேதியியலும் பின்னர் சென்னையில் சட்டமும் படித்தார். கல்லூரிக் காலத்தில் அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத்தின் வழியே சங்கப் பரிவார அரசியலுக்கு வந்தவர், 1993 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். கட்சியில் மாநிலப் பொதுச் செயலாளர், மாநிலத் துணைத் தலைவர் பொறுப்புகளை வகித்தபின் 2020 அக்டோபரில் பாஜக மகளிர் அணியின் தேசியத் தலைவராக நியமிக்கப்பட்டார். 2022 ஆகஸ்ட்டில் கட்சியின் மத்தியத் தேர்தல் குழுவிலும் இடம்பெற்றார்.

2011இல் சென்னை மயிலாப்பூரில் போட்டியிட்டுத் தோற்றார். 2016இல் கோவை தெற்கில் பெரிய கட்சிகளின் கூட்டணித் துணையின்றி நின்று 33,113 வாக்குகள் பெற்று மூன்றாம் இடத்துக்கு வந்தார். அத்தேர்தலில் அதிமுகவின் அம்மன் அர்ச்சுனன் வெற்றிபெற, காங்கிரசின் மயூரா ஜெயக்குமார் இரண்டாம் இடம் பெற்றார். அடுத்த ஐந்தாண்டுகளும் தொகுதியை விட்டு விலகாமல், கோவை மக்கள் சேவை மையம் என்ற அமைப்பின் வழியாக வானதி அங்கே தொடர்ந்து இயங்கினார்.

தொகுதியும் உக்கடமும்

கோவை தெற்கு, கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் ஒன்று. முழுக்க நகர்ப்புறத் தொகுதி. கொங்கு அரசியல் பேச்சில் முதலில் வரும் வேளாண் சமூகங்களைக் காட்டிலும் வணிகர்கள், நகைப் பட்டறைத் தொழிலாளர்கள், இஸ்லாமியர்கள், வடமாநில வணிகக் குடும்பங்கள், தூய்மைப் பணியாளர்கள் ஆகியோரின் வாக்குகளே இங்கு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன.

தொகுதியின் தென்முனையில் இருக்கும் உக்கடம் பாலக்காடு, பொள்ளாச்சிச் சாலைகள் நகருக்குள் நுழையும் வாயில். பேருந்து நிலையம், மீன் சந்தை, நொய்யல் நீர் வந்து சேரும் பெரியகுளம் ஆகியவை இதன் அடையாளங்கள். சீர்மிகு நகரத் திட்டத்துக்கு 2016இல் தேர்வான முதல் 20 நகரங்களுள் கோவையும் ஒன்று. அத்திட்டத்தின்கீழ் பெரியகுளத்தின் கரைகள் நடைபாதையும் பூங்காவுமாக மாற்றப்பட்டன. உக்கடம்–ஆத்துப்பாலம் மேம்பாலத்தின் வேலை 2018இல் தொடங்கியது; பாலம் 2024 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. சீர்மிகு நகரத் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் இரண்டின் நிதியும் இருப்பதால், குளக்கரை மேம்பாடு யாருடைய சாதனை என்பது கோவையில் தேர்தல்தோறும் எழும் வாதம்.

ஆலைத் தொழிலாளர் இயக்கம் வலுவாக இருந்த கோவை நெடுங்காலம் இடதுசாரிகளுக்கும் இடம் கொடுத்த நகரம். 2009, 2019 மக்களவைத் தேர்தல்களில்கூட மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர். நடராஜன் இங்கே வென்றார். இதற்கு இணையாக மறுதிசைப் போக்கு ஒன்றும் வளர்ந்தது. 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நடந்த கலவரத்தில் இஸ்லாமியர்கள் 18 பேர் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று, எல்.கே. அத்வானி தேர்தல் கூட்டத்துக்கு வரவிருந்த நேரத்தில், நகரின் பல இடங்களில் நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டனர். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் பாஜகவின் சி.பி. ராதாகிருஷ்ணன் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1999இலும் தொகுதியைத் தக்கவைத்தார். கோவையில் பாஜக வேட்பாளர் எவரின் பாதுகாப்புக் கொள்கையும் இந்த வரலாற்றைத் தொடாமல் பேசப்படுவதில்லை.

2021 தேர்தல்

அதிமுக கூட்டணியில் பாஜகவுக்கு 20 இடங்கள் ஒதுக்கப்பட்டன. கோவை தெற்கை விட்டுக்கொடுத்த அதிமுக, அங்கு உறுப்பினராக இருந்த அம்மன் அர்ச்சுனனைக் கோவை வடக்கில் நிறுத்தியது. காங்கிரஸ் மீண்டும் மயூரா ஜெயக்குமாரை நிறுத்தியது. கமல்ஹாசன் களமிறங்கியதும் நாடு முழுவதும் கவனித்த போட்டியாக அது மாறிற்று. பிரதமர் நரேந்திர மோடி மார்ச் 30 அன்று தாராபுரத்தில் பேசினார். மறுநாள் உத்தரப் பிரதேச முதலமைச்சர் யோகி ஆதித்யநாத் கோவைக்கு வந்து வானதிக்கு வாக்குக் கேட்டார். மத்திய அமைச்சர் ஸ்மிருதி இரானி, கொள்கை குறித்து வானதியுடன் விவாதிக்கத் தயாரா என்று கமல்ஹாசனுக்குச் சவால் விட்டார். மண்ணின் மகளா, வெளியூர் நட்சத்திரமா என்ற கேள்வியை வானதி தரப்பு பிரச்சாரம் முழுக்க எழுப்பியது.

ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு நடந்தது. மே 2 வாக்கு எண்ணிக்கையில் பெரும்பாலான சுற்றுகளில் கமல்ஹாசன் முன்னிலை வகித்தார். இறுதிச் சுற்றுகளில் நிலைமை மாறியது. வானதி 53,209 (34.38 விழுக்காடு), கமல்ஹாசன் 51,481 (33.26 விழுக்காடு), மயூரா ஜெயக்குமார் 42,383 (27.38 விழுக்காடு) வாக்குகள் பெற்றனர். மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய வாக்குகளோடு பெற்ற இந்த வெற்றி, எதிர் வாக்குகள் இரண்டாகப் பிரிந்ததன் விளைவு என்று விமர்சகர்கள் கூறினர். எனினும் 2016இல் தனித்து நின்று பெற்ற வாக்குகளைவிட அவருக்கு இம்முறை சுமார் 20,000 வாக்குகள் கூடியிருந்தன.

மாநிலம் முழுவதும் பாஜக நான்கு இடங்களில் வென்றது. 2001க்குப் பின் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அக்கட்சிக்குக் கிடைத்த முதல் இடங்கள் அவை. அவற்றில் இரண்டு கொங்கு மண்டலத்தைச் சேர்ந்தவை: கோவை தெற்கும் மொடக்குறிச்சியும். மொடக்குறிச்சியில் சி. சரஸ்வதி 281 வாக்குகளில் வென்றார். அதே மண்டலத்தில் தாராபுரத்தில் நின்ற அன்றைய மாநிலத் தலைவர் எல். முருகனும், அரவக்குறிச்சியில் நின்ற கே. அண்ணாமலையும் தோற்றனர்.

கொள்கை நிலைப்பாடுகள்

சென்னையில் 2021 மார்ச் 22 அன்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி வெளியிட்ட பாஜக தேர்தல் அறிக்கையே வானதியின் நிலைப்பாடுகளுக்கு அடிப்படை. தொகுதிக்கேற்ப அவர் அழுத்தம் கொடுத்த இடங்கள் மாறின.

*கோயில் நிர்வாகம்*

இந்துக் கோயில்களை அரசின் பிடியிலிருந்து விடுவித்து, இந்து அறிஞர்களும் துறவிகளும் அடங்கிய தனி வாரியத்திடம் ஒப்படைப்போம் என்பது அறிக்கையின் முதன்மையான சமய வாக்குறுதி. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களும் மடங்களும் அறநிறுவனங்களும் உள்ளன. மற்றச் சமயங்களின் வழிபாட்டிடங்களை நிர்வகிக்காத அரசு கோயில்களை மட்டும் ஏன் நிர்வகிக்க வேண்டும் என்பது பாஜகவின் கேள்வி. கோயில் சொத்துகள் சிலரின் கைக்குள் போவதைத் தடுக்கவே நீதிக்கட்சிக் காலத்தில் சட்டம் வந்தது, அரசு விலகினால் பழைய நிலை திரும்பும் என்பது திராவிடக் கட்சிகளின் பதில்.

மருதமலை, பழனி, சிவன்மலை என முருகன் தலங்கள் நிறைந்த கொங்கில் இவ்வாதத்துக்குத் தனி ஈர்ப்பு இருந்தது. கந்த சஷ்டி கவசத்தை இழிவுபடுத்தியதாக 2020இல் எழுந்த சர்ச்சையும் அதையடுத்து அவ்வாண்டு நவம்பரில் பாஜக தொடங்கிய வேல் யாத்திரையும் பிரச்சாரத்துக்கு முன்னரே களத்தைத் தயாரித்திருந்தன.

*மதமாற்றமும் பசுவதையும்*

கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கக் கடுமையான சட்டம் கொண்டுவரப்படும் என்று அறிக்கை கூறியது. தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. ஜெயலலிதா 2002இல் அத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்து, 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் திரும்பப் பெற்றார். பசுவதைக்குத் தடை, இறைச்சிக்காகக் கேரளத்துக்கு மாடுகள் கொண்டுசெல்லப்படுவதைத் தடுத்தல் ஆகியவையும் வாக்குறுதிகளில் இருந்தன. கேரளத்துக்கு மாடு அனுப்பும் பெரிய சந்தைகளில் ஒன்றான பொள்ளாச்சிச் சந்தை கோவை மாவட்டத்திலேயே இருக்கிறது. பால் வற்றிய மாட்டை விற்றுத்தான் அடுத்த மாட்டை வாங்க வேண்டிய நிலையிலுள்ள விவசாயிகளுக்கு இவ்வாக்குறுதி நேரடிப் பொருளாதார விளைவு கொண்டது. நகர்ப்புறத் தொகுதியான கோவை தெற்கில் அந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை.

*பாதுகாப்பும் சட்டம் ஒழுங்கும்*

பயங்கரவாதத்தின்மீது சமரசமற்ற நடவடிக்கை, மத்திய விசாரணை அமைப்புகளுக்குக் கூடுதல் பங்கு என்பவை இத்துறையில் அவரது நிலை. 2022 அக்டோபர் 23 அதிகாலை, தீபாவளிக்கு முந்தைய நாள், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் எதிரே கார் ஒன்று வெடித்து, அதை ஓட்டிவந்த உக்கடத்தைச் சேர்ந்த இளைஞர் உயிரிழந்தார். இது எரிவாயு உருளை விபத்தன்று, திட்டமிட்ட பயங்கரவாத முயற்சி என்று கூறிய பாஜக, தேசியப் புலனாய்வு முகமையின் விசாரணையைக் கோரியது. அக்டோபர் 26 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வழக்கை மாற்றப் பரிந்துரைத்தார். மறுநாள் முகமை வழக்குப் பதிந்தது. கரும்புக்கடை, சுந்தராபுரம், கவுண்டம்பாளையம் ஆகிய இடங்களில் புதிய காவல் நிலையங்களும் அறிவிக்கப்பட்டன. அக்டோபர் 31 அன்று கோவையில் பாஜக அறிவித்த முழு அடைப்பு, அது மாநிலத் தலைமையின் முடிவன்று என்று உயர் நீதிமன்றத்தில் கூறப்பட்ட பின் தள்ளிவைக்கப்பட்டது. வெடிப்புக்குப் பின் அப்பகுதி ஜமாஅத் நிர்வாகிகள் கோயிலுக்கு நேரில் சென்று நல்லிணக்கத்தை வெளிப்படுத்தினர்.

1998 குண்டுவெடிப்பு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற எஸ்.ஏ. பாஷா 2024 டிசம்பரில் இறந்தபோது, உக்கடத்திலிருந்து இறுதி ஊர்வலம் செல்ல அனுமதித்ததைக் கண்டித்துக் கட்சி கோவையில் கருப்பு தினப் பேரணி நடத்தியது. நீண்டகாலச் சிறைவாசிகளின் முன்விடுதலையிலும் 1998 குற்றவாளிகளுக்குச் சலுகை கூடாது என்பதே பாஜகவின் நிலை.

*கல்வியும் மொழியும்*

நீட் தேர்வு விவகாரத்தில் தமிழ்நாட்டின் பெரும்பாலான கட்சிகளுக்கு எதிரே பாஜக நின்றது. 2021 செப்டம்பர் 13 அன்று நீட் விலக்கு மசோதா நிறைவேறியபோதும், ஆளுநர் திருப்பியனுப்பியதால் 2022 பிப்ரவரி 8 அன்று அது மீண்டும் நிறைவேற்றப்பட்டபோதும் பாஜக உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தனர். தனியார் மருத்துவக் கல்லூரிகளின் நன்கொடைக் கொள்ளையைத் தடுப்பது நீட், உச்ச நீதிமன்றம் ஏற்ற தேர்வை மாநிலச் சட்டத்தால் நீக்க முடியாது என்பவை அக்கட்சியின் வாதங்கள். பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட முடியாத கிராமப்புற மாணவர்களை அத்தேர்வு ஒதுக்குகிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

தேசியக் கல்விக் கொள்கை 2020ஐயும் அதன் மும்மொழி ஏற்பாட்டையும் கட்சி ஆதரிக்கிறது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மூன்றாம் மொழி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும் என்ற கேள்வியோடு 2025 மார்ச்சில் பாஜக கையெழுத்து இயக்கம் நடத்தியது. 1968 முதல் இருமொழிக் கொள்கை நிலவும் மாநிலத்தில் தேர்தல் நோக்கில் இதுவே கட்சியின் மிகக் கடினமான நிலைப்பாடு.

*தொழிலும் வரியும்*

பஞ்சாலை, மோட்டார் பம்பு, வார்ப்பாலை, கிரைண்டர், நகை என்று சிறு குறு தொழில்களில் நிற்கும் கோவையில், மத்திய அரசுடன் இணக்கமான மாநில ஆட்சியே முதலீட்டைக் கொண்டுவரும் என்பது பாஜகவின் வாதம். சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையையும் இணைத்து 2019இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை அதற்கு எடுத்துக்காட்டாகக் கட்சி காட்டுகிறது. ஐம்பது லட்சம் புதிய வேலைவாய்ப்புகள் என்ற வாக்குறுதியும் அறிக்கையில் இருந்தது.

சரக்கு மற்றும் சேவை வரி இந்த வாதத்தின் பலவீனமான இடமாக இருந்தது. பணமதிப்பிழப்புக்கும் புதிய வரிக்கும் பின் தங்கள் தொழில் நலிந்ததாகச் சிறு தொழில்முனைவோர் குறைகூறி வந்தனர். 2024 செப்டம்பர் 11 அன்று கோவையில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொழில்துறையினரைச் சந்தித்தார். அந்தக் கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, அதில் கிரீம் வைத்தால் வரி என்ற முரணை அன்னபூர்ணா உணவகத்தின் சீனிவாசன் நகைச்சுவையோடு எடுத்துக்கூறினார். வானதியும் அங்கு இருந்தார். பின்னர் உணவக உரிமையாளர் அமைச்சரிடம் வருத்தம் தெரிவிக்கும் காணொளி வெளியானதும் எதிர்க்கட்சிகள் கடுமையாகச் சாடின. காணொளி வெளியிடப்பட்டதற்கு அண்ணாமலை மன்னிப்புக் கேட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் வரி அடுக்குகள் பெரும்பாலும் 5, 18 விழுக்காடு என இரண்டாகச் சுருக்கப்பட்டன.

*பெண்கள், மதுவிலக்கு, நலத்திட்டங்கள்*

மகளிர் அணியின் தேசியத் தலைவர் என்ற முறையில் சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு அளிக்கும் 2023ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்தை வானதி முன்னின்று ஆதரித்தார். அறிக்கையில் முழு மதுவிலக்கு, 18 முதல் 23 வயதுப் பெண்களுக்கு இலவச இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம், வீடு தேடி வரும் ரேஷன் பொருட்கள், எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இலவசக் கையடக்கக் கணினி, மீனவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் ஆகியவை இருந்தன.

அரசின் செலவைக் குறைக்க வேண்டும், இலவசங்கள் கூடாது என்பது பல நாட்டு வலதுசாரிக் கட்சிகளின் வழக்கமான கொள்கை. 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியும் அரசின் தலையீட்டைக் குறைக்கச் சொன்னது. 2021 பாஜக அறிக்கையில் அந்தக் குரல் இல்லை. அதிமுக குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,500 ரூபாயும் திமுக 1,000 ரூபாயும் அறிவித்திருந்த தேர்தலில், நலத்திட்டங்களை எதிர்த்து வாக்குக் கேட்க எந்தக் கட்சியும் முன்வரவில்லை. நிபந்தனைப் பட்டா நிலமான பஞ்சமி நிலங்களில் 12 லட்சம் ஏக்கரை மீட்டுப் பட்டியல் சாதியினருக்கு வழங்குவோம் என்ற வாக்குறுதி, நில உரிமையை இடதுசாரி, தலித் இயக்கங்களின் மொழியிலேயே பேசியது.

*மத்திய–மாநில உறவு*

1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கலைக்கப்பட்ட சட்டமன்ற மேலவையை மீண்டும் கொண்டுவருதல், சென்னை மாநகராட்சியை மூன்றாகப் பிரித்தல் ஆகிய நிர்வாக மாற்றங்களை அறிக்கை முன்வைத்தது. 2021 ஜூலையில் மத்திய இணையமைச்சரான எல். முருகனின் குறிப்பில் அவரது ஊர் கொங்குநாடு என்று இடம்பெற்றதும், தனி மாநிலம் கோரப்படுகிறதா என்ற சர்ச்சை எழுந்தது. எழுத்துப் பிழை என்று அமைச்சர் பின்னர் விளக்கினார். கொங்கு மண்டலம் ஈட்டித்தரும் வரிக்கு ஈடாகச் சென்னை திருப்பித் தருவதில்லை என்ற வட்டார மனக்குறையை அந்தச் சர்ச்சை வெளிக்கொணர்ந்தது. தனி மாநிலம் என்பது கட்சியின் தேர்தல் கோரிக்கையாக வடிவெடுக்கவில்லை.

கூட்டணிக்குள் முரண்கள்

வேட்பாளரின் கட்சியும் அவருக்கு வாக்குச் சேகரித்த கூட்டணித் தலைமையும் சில விஷயங்களில் எதிரெதிரே நின்றன. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அதிமுக 2021 தேர்தல் அறிக்கையில் எழுதியது. அதே சட்டத்தைத் தன் சாதனையாகச் சொன்னது பாஜக. இஸ்லாமிய வாக்காளர்கள் கணிசமாக வாழும் உக்கடம், கோட்டைமேடு பகுதிகளில் இந்த முரண் வெளிப்படையாகப் பேசப்பட்டது. அச்சட்டத்துக்கு எதிரான தீர்மானம் 2021 செப்டம்பர் 8 அன்று சட்டமன்றத்தில் வந்தபோது இரு கட்சிகளும் வெளிநடப்பு செய்தன. நீட்டிலும் மொழியிலும் இடைவெளி தொடர்ந்தது. 2023 செப்டம்பர் 25 அன்று அதிமுக கூட்டணியை முறித்தது. 2025 ஏப்ரல் 11 அன்று சென்னையில் அமித் ஷா மறு கூட்டணியை அறிவித்தார். இடையில் நடந்த 2024 மக்களவைத் தேர்தலில் கோவையில் போட்டியிட்ட அண்ணாமலை, திமுகவின் கணபதி ராஜ்குமாரிடம் 1,18,068 வாக்குகளில் தோற்றார்.

மதிப்பீடு

ஆதரவாளர்கள் வானதியை அடித்தளத்திலிருந்து உழைத்து வந்தவர் என்றும், இந்து வாக்காளரின் குரலைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் என்றும் மதிப்பிடுகின்றனர். அவரது கட்சியின் சமயக் கொள்கைகள் 1998க்குப் பின் சிரமப்பட்டுத் தேறிய நகரின் நல்லிணக்கத்தைக் குலைக்கும் என்பதும், கல்வியிலும் மொழியிலும் மாநில உரிமையை விட்டுக்கொடுப்பவை என்பதும் எதிர்ப்பாளர்களின் விமர்சனம்.

கோவை தெற்கின் 2021 முடிவு மூன்று விஷயங்களைக் காட்டுகிறது. கோயில், பாதுகாப்பு ஆகிய இரண்டிலும் பாஜகவுக்குக் கோவையில் உறுதியான வாக்குத் தளம் உண்டு. 2016இல் தனித்து நின்று பெற்ற 33,113 வாக்குகள் அதன் அளவைக் காட்டுகின்றன. அந்தத் தளத்தை வெற்றியாக்க அதிமுகவின் வாக்குகளும் எதிர்முகாமின் பிளவும் தேவைப்பட்டன. கோவை மாவட்டத்தின் மற்ற ஒன்பது தொகுதிகளையும் அதிமுகவே அந்தத் தேர்தலில் வென்றது. நலத்திட்டங்களில் கட்சி திராவிடக் கட்சிகளின் வழியைப் பின்பற்றியது. ஆகவே தமிழ்நாட்டில் ஒரு வலதுசாரி வேட்பாளரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துவது அரசு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்வியன்று. சமயம், மொழி, தேர்வுமுறை, மாநில உரிமை ஆகியவற்றில் தில்லியோடு எவ்வளவு ஒத்துப்போக வேண்டும் என்ற கேள்வியே.